உம் கொட்டிய சித்தி

நான்காம் வகுப்பில் எனக்கு 'ஒரு ஊர்ல' என்று பெயர். பெற்றோர் வைத்ததல்ல. முந்தைய வருட ஆண்டு விழாவில் கதை சொல்ல மேடையேறி, "ஒரு ஊர்ல" என்று ஆரம்பித்தேன். கீழே இருந்த அத்தனை கண்களும் என்னையே பார்த்தன. அவ்வளவுதான், அந்த ஊரில் யார் இருந்தார்கள் என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது. அழுதுகொண்டே இறங்கினேன். அதற்கப்புறம் குழாயடியிலும் சத்துணவு வரிசையிலும் அதுதான் என் பெயர்.

மறுவருடமும் டீச்சர் என்னையே கதை சொல்லச் சேர்த்துவிட்டார். விழுந்த இடத்திலேயே எழ வேண்டுமாம். எழாவிட்டால் அந்தப் பெயரும் என்னோடு ஐந்தாம் வகுப்புக்குப் பாஸாகி வரும். பயத்தில் எனக்குச் சோறு இறங்கவில்லை.

அப்போது அம்மாவின் தங்கை, என் சித்தி, எங்கள் வீட்டில் தங்கி சுங்குவார்சத்திரம் பக்கத்தில் ஒரு செல்போன் கம்பெனிக்குப் போய்க்கொண்டிருந்தாள். அந்த மாதம் முழுக்க நைட் ஷிப்ட். காலை ஏழரைக்குக் கம்பெனி பஸ் தெருமுனையில் இறக்கிவிடும். இரண்டு தோசையை விழுங்கிவிட்டுப் போர்வையை இழுத்து மூடிக்கொள்வாள். எங்களுக்கு இருந்ததே ஓர் அறைதான். ஒருநாள், அவள் தூங்குகிறாள் என்ற தைரியத்தில் சுவரைப் பார்த்துக் கதையை முணுமுணுத்தேன். ஏரி காணாமல் போன ஒரு கொக்கு, அதைத் தேடிக் கம்பெனி பஸ்ஸில் ஏறுகிற கதை. நானே கட்டியது. பஸ்ஸில் உட்கார இடமில்லை. கொக்குக்கு அதைப் பற்றிக் கவலையுமில்லை, அதுதான் ஒற்றைக் காலிலேயே நிற்குமே.

போர்வைக்குள்ளிருந்து "உம்" என்று வந்தது.

தூக்கிவாரிப் போட்டது. வெளியே அடுப்பருகே இருந்த அம்மாவிடம் ஓடினேன்.

"அவ தூக்கத்துல உளறுவாடி. இன்னா சொல்றோம்னு அவளுக்கே தெரியாது. நீ பாட்டுக்கு சொல்லு" என்றாள் அம்மா, தோசையைத் திருப்பியபடி.

எனக்கு வேறென்ன வேண்டும்? கண் பார்க்காது, வாய் மட்டும் உம் கொட்டும். தினமும் பள்ளிக்குக் கிளம்பும்வரை சொன்னேன். உம் சரியான இடத்தில் விழுந்தது. சில நாளில் சுவரை விட்டுத் திரும்பிப் போர்வையைப் பார்த்துச் சொன்னேன். கையை ஆட்டினேன். கொக்கின் குரலில் பேசினேன்.

விழா காலை எட்டு மணிக்கு. சித்தி வீட்டுக்குக்கூட வராமல், பஸ்ஸிலிருந்து இறங்கி நேரே பள்ளிக்கு வந்துவிட்டாள். கழுத்தில் ஐடி கார்டோடு முதல் வரிசையில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள். அக்கம்பக்கத்தவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். நான் மேடையேறியதும் பின்னாலிருந்து ஒரு பயல் "ஒரு ஊர்ல!" என்று கத்தினான். மற்ற கண்களை விட்டுவிட்டு, மூடிய அந்த இரண்டு கண்களை மட்டும் பார்த்து ஆரம்பித்தேன்.

"உம்" என்றாள் சித்தி.

கொக்கு பஸ் ஏறும்வரை கதை நன்றாக ஓடியது. அங்கே நின்றுவிட்டது. அடுத்த வரி எங்கே போனதென்றே தெரியவில்லை. எனக்கு அழுகை முட்டியது.

சித்தி கண்ணைத் திறக்காமலே கேட்டாள்: "உம். அப்பால டிரைவரு ஐடி கார்டு எங்கன்னு கேட்டானே, கொக்கு இன்னா சொல்லிச்சு?"

கூட்டம் சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "இம்மாம் நீள மூக்கு கீது, இதுக்கு மேல இன்னாய்யா அடையாளம் வேணும்?" என்றேன், கொக்கின் குரலில். பிறகு கதை தானாகவே ஏரிவரை போய்ச் சேர்ந்தது. பரிசு எதுவும் கிடைக்கவில்லை. ஆனால் மறுநாளிலிருந்து என் பெயர் 'கொக்கு'.

தூக்கத்தில்கூடச் சித்திக்கு என் கதை மனப்பாடமாகிவிட்டதே என்று அன்று எனக்கு ஒரே பெருமை.

படிப்பு முடிந்து ஒரகடத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். முதல் நைட் ஷிப்ட் முடித்து வந்த காலையில், அண்ணன் மகள் கதை சொல்ல வந்தாள். கண்ணை மூடிக்கொண்டு உம் கொட்டினேன். இரண்டாவது உம்மைத் தாண்டவில்லை, தூங்கிப்போனேன்.

விழித்ததும் சித்திக்குப் போன் செய்தேன். "அந்த மாசம் நீ எப்போதான் சித்தி தூங்குன?"

"நீ ஸ்கூலுக்குப் போனப்பறம்தான்" என்றாள்.