ஆரத்தித் தட்டும் அரசு ஆய்வகமும்

“ஞாயிறு. மழை இல்லை. எதிர்வீட்டுக் குழந்தை மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வந்தது. பெண். ஆரத்தி. அதன்பின் காவல்துறை.”

என் நாட்குறிப்பில் அன்றைய பதிவு இவ்வளவுதான். மேலே தேதியும் இருக்கிறது. ஆனால் அதை இங்கே தரப்போவதில்லை. வழக்கில் இருந்தவர்களை யாரும் தேடிப் பிடித்துவிடக் கூடாது. தேதியில்லாமல் எழுதுவது எனக்குப் பல்லைப் பிடுங்கிக்கொள்வது மாதிரி. வாசகர்கள் அந்த வலியை மனத்தில் வைத்துக்கொண்டு படிக்க வேண்டுகிறேன்.

நாங்கள் இருப்பது புக்கிட் பாஞ்சாங் வட்டாரத்தில், ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் ஒன்பதாவது மாடியில். எதிர்வீட்டில் ஒரு தஞ்சாவூர்க்காரர், கப்பல் பட்டறையில் பொறியாளர். அவர் மனைவிக்கு முதல் பிரசவம். ஊரிலிருந்து வரவேண்டிய அம்மாவுக்கு விசா தாமதமானதால், என் மனைவி தானாகவே அந்தப் பொறுப்பை எடுத்துக்கொண்டாள். இவள் பிறந்து வளர்ந்தது இந்த ஊரில்தான். ஆனால் சடங்கு என்று வந்துவிட்டால் ஊர்க்காரர்களைவிட இரண்டு மடங்கு கண்டிப்பு.

தட்டு நிறையத் தண்ணீர், அதில் மஞ்சள்தூள், மேலே கொஞ்சம் சுண்ணாம்பு. கலக்கியதும் செக்கச் சிவந்துவிட்டது. வாசலில் தாயையும் பிள்ளையையும் நிறுத்தி மூன்று சுற்று சுற்றினாள். அந்தத் தண்ணீரைக் கால்படாத இடத்தில் ஊற்ற வேண்டும். அப்படிப்பட்ட இடம் எங்களுக்கு ஒன்பது மாடிக்குக் கீழே ஒரு மரத்தடியில்தான் இருக்கிறது.

“குடுங்கக்கா, நான் ஊத்திட்டு வரேன்” என்று புதிய தகப்பனார் தட்டை வாங்கினார்.

“தம்பி, நிறைய இருக்கு, பாத்து.”

“கப்பலையே பாத்துக்குறேன் சார், இது ஒரு தட்டு.”

மனிதர் இரண்டு நாளாகத் தூங்கவில்லை. வாசலிலிருந்து மின்தூக்கி வரை சொட்டு, மின்தூக்கிக்குள் சொட்டு, கீழே மரம் வரை சொட்டு. கை இரண்டும் சிவப்பு. ஊற்றிவிட்டு மேலே வந்து குழந்தையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். என் மனைவி நடைபாதையைப் பார்த்தாள். “பக்கத்து வீட்டு சீன ஆன்ட்டி வழுக்கி விழுந்தா யாரு பதில் சொல்றது?” என்று பிளீச் ஊற்றி எங்கள் மாடியைப் பளபளவென்று துடைத்துவிட்டாள்.

இதே நேரத்தில் எங்கள் புளோக்கின் கீழே, தூண்கள் மட்டும் நிற்கும் வெற்றுத்தளத்தில், மிதிவண்டிகள் நிறுத்தும் இடத்துக்குப் பக்கத்தில் இரண்டு பேர் சண்டை போட்டிருக்கிறார்கள். ஒருவன் மற்றவனைப் பாராங் கத்தியால் வெட்டிவிட்டு ஓடிவிட்டான். வெட்டுப்பட்டவரை நினைவில்லாமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். எங்களுக்கு இருவரையும் தெரியாது. ஏதோ கூச்சல் கேட்டது, பந்து விளையாடுகிறார்கள் என்று நினைத்தோம்.

காவல்துறை வந்தது. மரத்தடியில் சிவப்புச் சொட்டு. அதைப் பின்தொடர்ந்தால் மின்தூக்கி. மின்தூக்கிக்குள் ஒன்பதாம் எண் பொத்தானில் சிவப்பு விரல். ஒன்பதாவது மாடியில் கதவு திறந்தால் மூக்கைத் துளைக்கும் பிளீச் வாசனை. ஒரு வீட்டைத் தட்டினால் சிவந்த உள்ளங்கைகளோடு ஓர் இளைஞர், தூக்கமில்லாமல் கண்ணும் சிவந்து. சந்தேகப்படுவதற்கு இதைவிட ஒழுங்காக யாரும் ஏற்பாடு செய்து தர முடியாது.

விசாரணை அதிகாரி ஒரு தமிழ்ப் பெண். எனக்குப் பெரிய நிம்மதி. முன்னால் போய் நின்றேன்.

“மேடம், இது ரத்தம் இல்ல, ஆரத்தி.”

“ஆரத்தி எனக்குத் தெரியும் அங்கிள். என் பிள்ளைக்கும் எடுத்தாங்க. ஆனா எனக்குத் தெரியும்னு நான் ரிப்போர்ட்ல எழுத முடியாது லா.”

அந்தப் பதில் எனக்குப் பிடித்திருந்தது. ஆனாலும் உதவாமல் இருக்க மனம் வரவில்லை. உள்ளே போய் ஓர் எலுமிச்சம்பழத்தோடு வந்தேன். “இதைப் பிழிஞ்சா ஆரத்தி மஞ்சளாயிடும். ரத்தம் ஆகாது. ஒரே நிமிஷம்.”

“அங்கிள், அந்தப் பழத்தைக் கீழ வைங்க.”

குனிந்தேன்.

“கீழன்னா இங்க தரையில இல்ல. உங்க வீட்டுக்குள்ள. கதவையும் சாத்திக்கங்க.”

கம்பிக் கதவு வழியாகப் பார்த்தேன். தடயவியல் ஆட்கள் வெள்ளை உடையில் வந்தார்கள். மாப்புக்குத் தப்பிய ஒவ்வொரு சொட்டுக்கும் பக்கத்தில் எண் அட்டை, அளவுகோல், படம். ஒவ்வொரு சொட்டையும் தனிப் பஞ்சுக் குச்சியில் ஒற்றித் தனித் தாள் உறையில் போட்டு, நாளும் நேரமும் எழுதிக் கையொப்பம் இட்டார்கள். உலகத்தில் எனக்கு உறவுக்காரர்கள் இருக்கிறார்கள் என்று அன்றுதான் தெரிந்தது. அங்கேயே அவர்கள் செய்து பார்த்த முதற்சோதனை தெளிவாக இல்லையாம். முழுச் சோதனை ஆய்வகத்தில்தான் என்றார்கள். தட்டு, மஞ்சள்தூள் பாக்கெட், சுண்ணாம்பு டப்பா, வாளி, மாப்பு எல்லாம் பைக்குள் போயின.

என் மனைவி வாசலுக்கு வந்தாள். “தட்டு எப்பத் திரும்பி வரும்?”

“கேஸ் முடிஞ்சதும் ஆன்ட்டி” என்றார் அதிகாரி.

“கேஸ் எப்ப முடியும்?”

“ஆள் கிடைக்கணும்ல.”

“மாப்பாவது குடுத்துட்டுப் போங்க.”

“ஆன்ட்டி, எல்லாத்தையும் துடைச்சதே அந்த மாப்புதான்.”

அதோடு எங்கள் சிரிப்பு நின்றது. எதிர்வீட்டுக்காரரைக் கூட்டிக்கொண்டு போனார்கள். மறுநாள் காலையில் ஜாமீனில் வந்தார். கடவுச்சீட்டு அவர்களிடமே இருந்தது. வேலை அனுமதியைப் புதுப்பிக்க வேண்டிய நேரம் அது. நிறுவனம் புதுப்பிக்காவிட்டால் அவரும் மனைவியும் கைக்குழந்தையும் ஊருக்குப் போக வேண்டியதுதான். “அனுமதிய விடுங்க சார்” என்றார். “வெட்டுனவன்னு பேரோட போகணுமே, அதான்.”

ஆய்வக அறிக்கை வந்தது. நடைபாதை, மின்தூக்கி, மரத்தடி, உள்ளங்கை எங்கும் மஞ்சளும் சுண்ணாம்பும்தான். ரத்தம் மிதிவண்டிகளின் பக்கத்தில் மட்டும், அது வெட்டுப்பட்டவருடையது. அவரும் கண் விழித்து வேறொருவன் பெயரைச் சொன்னார். ஆள் பிடிபட்டான். கடவுச்சீட்டு திரும்பி வந்தது. என் மனைவி தேக்கா கடைத்தெருவுக்குப் போய் லட்டு வாங்கி வந்து மாடி முழுவதும் கொடுத்தாள். அப்படியே ஒரு புதுத் தட்டும் வாங்கிக்கொண்டாள்.

நிறுவனம் மட்டும் அசையவில்லை. அனுமதியைக் கொஞ்ச காலத்துக்கு மட்டும் நீட்டித்தது. வழக்கு முடியட்டும், நீதிமன்றத்தில் உங்கள் பெயர் எப்படி வருகிறதென்று பார்க்கலாம் என்றது. அந்தப் பெயர் நன்றாக வரப்போவதில்லை என்பது விசாரணையின் முதல் நாளே தெரிந்துவிட்டது. குற்றஞ்சாட்டப்பட்டவனின் வழக்கறிஞர் எழுந்து, கை சிவந்த ஒருவரைப் போலீஸ் முதலில் பிடித்ததே, அவரை ஏன் விட்டார்கள் என்று கேட்டார். இங்கே ஜூரி கிடையாது. மேலே ஒரே நீதிபதி. அவர் குறித்துக்கொண்டார். எதிர்வீட்டுக்காரர் எனக்குப் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார். அவர் மூச்சு விடுவது எனக்குக் கேட்டது.

நானும் சாட்சி. எதிர்வீட்டுக்காரர் கீழே போனதைப் பார்த்தீர்களா என்பது கேள்வி. குழந்தை பிறந்த நாளிலிருந்து ஆரம்பித்தேன். அவர் கீழே போகும் கட்டம் வருவதற்குள் நீதிபதி கண்ணாடியைக் கழற்றி, கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லும்படி கேட்டுக்கொண்டார். “பார்த்தேன்” என்றேன். என் வாழ்க்கையிலேயே மிகச் சுருக்கமான வரலாறு அது.

என் மனைவி தமிழில் சாட்சி சொன்னாள். மொழிபெயர்ப்பாளர் முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லாமல் இரு பக்கமும் எடுத்துச் சொல்லிக்கொண்டிருந்தார்.

“நீங்கள் ஏன் உடனே துடைத்தீர்கள்?” என்றார் வழக்கறிஞர்.

“உங்க வீட்டு வாசல்ல சிவப்புத் தண்ணி கொட்டிக் கிடந்தா நீங்க துடைக்க மாட்டீங்களா?”

“சாட்சி கேள்வி கேட்கக் கூடாது. ஏன் பிளீச்?”

“மஞ்சக் கறை வெறும் தண்ணில போகுமா? உங்க சட்டைல ஒரு தடவ படட்டும், தெரியும்.”

நீதிபதி குனிந்து எதையோ எழுதினார். கொஞ்ச நேரம் தலை நிமிரவில்லை.

அடுத்து, சொட்டுகளைச் சோதித்த ஆய்வகப் பெண். மஞ்சள் ரத்தத்தை மறைத்திருக்கலாம் அல்லவா என்று வழக்கறிஞர் கேட்டார். ஒவ்வொரு குச்சியையும் இரண்டுக்கும் தனித்தனியே சோதித்தோம், எதிர்வீட்டுக்காரர் தொட்ட எதிலும் ரத்தம் இல்லை என்றார் அவர். அதற்கு அடுத்து வெட்டுப்பட்டவர் வந்து, குற்றவாளிக் கூண்டில் இருந்தவனைக் கைகாட்டினார். மறுநாள் காலை குற்றஞ்சாட்டப்பட்டவன் குற்றத்தை ஒப்புக்கொண்டான். சிறைத்தண்டனை சொன்னார்கள். எல்லோரும் எழுந்தோம்.

“சார், என்னப் பத்தி ஒண்ணும் சொல்லலயே?” என்றார் எதிர்வீட்டுக்காரர்.

உண்மைதான். ஒப்புக்கொண்டதால் நீதிபதி சாட்சியங்களை அலசித் தீர்ப்பு எழுத வேண்டிய அவசியமே வரவில்லை. இவர்மேல் சந்தேகம் இல்லை என்று ஒரு வரி பதிவாகும், அதை நிறுவனத்துக்குக் காட்டலாம் என்று நான்தான் அவருக்கு ஆசை காட்டியிருந்தேன். வெளியே வந்து அதிகாரியைப் பிடித்தேன்.

“ஒரே ஒரு வரி, மேடம்.”

“அங்கிள், கோர்ட்டு தப்பு செஞ்சவனுக்குத்தான் எழுதும். செய்யாதவங்களுக்கு சர்டிபிகேட் குடுக்காது லா.”

“அப்ப இவர் எதை வச்சு நிரூபிப்பாரு?”

அதிகாரி எதிர்வீட்டுக்காரரைப் பார்த்தார். “பாப்பா நடக்குதா?” என்று கேட்டார். “பிடிச்சுக்கிட்டு நிக்குது மேடம்” என்றார் இவர். அவ்வளவுதான், அதிகாரியின் வண்டி வந்துவிட்டது.

பத்து நாள்கூட ஆகியிருக்காது. வேலை அனுமதி முழுசாகப் புதுப்பிக்கப்பட்டது. எந்த ஆவணத்தை வைத்து என்று கேட்டேன். ஆவணம் எதுவும் இல்லை. நிறுவனத்தின் மனிதவளப் பிரிவுக்கு ஒரு தொலைபேசி அழைப்பு வந்ததாம். பேசியவர் பெண். விவரம் முழுவதும் தெரிந்தவர்போல் பொறுமையாக விளக்கினாராம். பெயர் சொல்லவில்லை.

விசாரணை அதிகாரிக்கு எழுதிக் கேட்டேன். வழக்கு பற்றிப் பேச இயலாது என்று மரியாதையாகப் பதில் வந்தது. ஆய்வகப் பெண்ணை எங்கே தேடுவதென்று எனக்குத் தெரியாது. வீட்டில் கேட்டேன். “எனக்கு வேற வேலை இல்லையா?” என்றாள் என் மனைவி. இல்லை என்று அவள் சொல்லவில்லை என்பதைக் குறித்துக்கொண்டேன். ஆமாம் என்றும் சொல்லவில்லை. அழைத்தவர் யார் என்பது இதை எழுதும் நாள்வரை உறுதிப்படவில்லை.