தரையிலிருந்து மூன்றரை அடி

நகராட்சி வடிகால் பிரிவில் பத்தொன்பது வருஷமாக உயரம் அளக்கும் மட்டக்கோல் பிடிப்பவளை எல்லாரும் கோல்காரி என்றுதான் கூப்பிடுவார்கள். அதற்கெல்லாம் அவள் முகம் சுளித்ததில்லை. முகம் சுளிப்பது தன் பொறியாளரைப் பார்க்கும்போதுதான். செருப்பில் ஈரம் படாமல் ஊர் வெள்ளத்தையே அளந்து முடித்த மகானுபாவர் அவர்.

வெள்ளம் வந்தால் எந்தத் தெருவுக்குப் படகு முதலில் போக வேண்டும் என்று அவர் ஒரு வரைபடம் போட்டார். ஆபத்தான தெரு சிவப்பு, பயமில்லாத தெரு பச்சை. ஒவ்வொரு வெள்ளத்துக்குப் பிறகும் சுவரில் தண்ணீர்க் கறை தரையிலிருந்து எத்தனை அடி என்று ஆள் அனுப்பி அளந்து வைத்திருந்தார்கள். கோல்காரியின் அக்கா குடியிருந்த தெருவில் முதல் வெள்ளத்துக்கு ஐந்தடி, அடுத்ததற்கு நாலடி. ஆபத்து குறைந்துகொண்டே வருகிறதாம்! அடித்தார் பச்சை.

கோல்காரி கோலை எடுத்துக்கொண்டு அக்கா தெருவுக்குப் போனாள். அக்காவுக்கு இரண்டு காலும் வராது. கட்டிலைவிட்டு இறக்கவே இரண்டு பேர் வேண்டும். முதல் வெள்ளத்துக்குப் பயந்து தெருவே வீட்டுத் தரையை ஒன்றரை அடி உயர்த்தியிருந்தது. இரண்டாவதற்குப் பிறகு மறுபடியும் ஒன்றரை அடி. உயர்ந்த தரையிலிருந்து அளந்தால் கறை குறையாமல் என்ன செய்யும்? தெருமுனைப் பம்பு அறைச் சுவரில் உயரம் குறித்துப் பதித்த மட்டக்கல் ஒன்றுதான் அங்கே அசையாதது. அதை வைத்துப் பார்த்தால் இரண்டாவது வெள்ளம் அரையடி கூடுதல்.

"சார், தண்ணி குறையல. தரைதான் ஏறியிருக்கு," என்று போய்ச் சொன்னாள்.

அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. தரையிலிருந்து என்றுதான் படிவத்தில் அச்சடித்திருக்கிறது, அதை மாற்ற மேலிடத்து உத்தரவு வேண்டும், உங்கள் வேலை கோல் பிடிப்பது என்றார். இந்தப் படித்த முட்டாள் கடவுளே நேரில் வந்தாலும் படிவம் கேட்பான் என்று தலையில் அடித்துக்கொண்டு வெளியே வந்தாள்.

அடைமழையின் மூன்றாம் நாள் காலை தெருவுக்குள் தண்ணீர் புகுந்தது. அக்கம்பக்கத்தார் முதல் நாளே கிளம்பிவிட்டார்கள். இடுப்பளவு தண்ணீரில் ஓடி வந்த கோல்காரியால் அக்காவைத் தனியாகத் தூக்க முடியவில்லை. கட்டிலில் உட்காரவைத்து, பின்னாலிருந்து அக்குளில் கைகொடுத்து நிமிர்த்திப் பிடித்துக்கொண்டாள். படகெல்லாம் சிவப்புத் தெருக்களுக்குப் போயிருந்தது. பச்சைக்கு வரும்போது மணி மூன்று.

தண்ணீர் வடிந்த மறுநாள் பொறியாளரே டேப்போடு வந்தார், படம் எடுக்க ஒருத்தரையும் கூட்டிக்கொண்டு. வழக்கம்போல டேப்பின் நுனியைத் தரையில் வைத்தார். மூன்றரை அடி.

"பாத்தீங்களா, இன்னும் அரையடி குறைஞ்சிருக்கு," என்றார். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

கோல்காரி கையிலிருந்த கோலை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். இல்லாவிட்டால் அதாலேயே ஒன்று போட்டிருப்பாள். மெத்தையில்லாத கட்டிலில் உட்கார்ந்திருந்த அக்காதான் கழுத்தில் விரலை வைத்துக் காட்டினாள்.

"எனக்கு இதுவரைக்கும் வந்துச்சு தம்பி. அதையும் குறைச்சல்னே எழுதிக்கோங்க."

அவர் மூன்றரை என்று எழுதிக்கொண்டார்.