பிச்சுமணியின் பொதுச் சுவர்

எல்லோரும் பலகையைத் தட்டிப் பார்த்து வாங்குவார்கள். பிச்சுமணி அதன்மேல் வாயை வைத்து 'ம்...' என்று சுருதி பிடிப்பார். மறுபக்கம் காதை ஒட்டிக்கொண்டு சாலை பஜார் ஹார்டுவேர் கடைக்காரர் குற்றாலலிங்கம் நிற்க வேண்டும்.

"கேக்கறதா?"

"நல்லாக் கேக்கு சாமி. எதிர்த்த கடைக்காரனுக்கும் கேக்கு."

ஃபோம், ரப்பர் ஷீட், ஜிப்சம் போர்டு எல்லாம் அவர் மூச்சுப் பட்டவைதான். வாங்கியது ஒன்றுமில்லை.

கோட்டைக்குள் அக்ரஹாரத்தில் வீடு. சர்க்கார் ஆபீசில் சூப்பிரண்டு உத்தியோகம். தெரு பஜனையில் இத்தனை காலமும் ஜால்ராவோடு பின்வரிசையில் உட்கார்ந்திருந்தவரை, இந்த நவராத்திரிக்குத் தனியாக ஒரு பாட்டுப் பாடச் சொல்லிவிட்டார்கள். பாட்டு வரும். மேல் ஸட்ஜத்தில் மட்டும் ஆட்டோ பிரேக் போட்டதுபோல் குரல் கீச்சிடும். சாதகம் பண்ணலாமென்றால், அடுத்த வீட்டுக்கும் இவர் வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். அப்பால் பாட்டு டீச்சர் ஜானவி. அவள் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்ததைச் சுவர்வழியே கேட்டுத்தான் பிச்சுமணி அந்தப் பாட்டையே பாடம் பண்ணியிருந்தார்.

"திருடின மொதலை உடமஸ்தி காதுலயே கொண்டுபோய்ப் போடப்படாது, கேட்டேளா?" என்றார், சத்தம் தடுக்கும் பலகை தேடிக் கடைக்கு வந்த பிச்சுமணி.

குற்றாலலிங்கம் பொறுமையாகச் சொன்னார்: "ஃபோம் ஒட்டினா ரூமுக்குள்ள எதிரொலிதான் கொறையும். அந்தப் பக்கம் கேக்கக்கூடாதுன்னா சுவத்துக்கு முன்னால பிரேம் அடிச்சு, ராக்வூல் பஞ்சு அடைச்சு, போர்டு போடணும். அரையடி எடம் போவும்."

"அந்த அறையில அரையடி போனா, பாட்டு உள்ளேயும் நான் வெளியேயும்னா நிக்கணும்!"

ஏதோ வீடியோவில் ஸ்டுடியோச் சுவரெல்லாம் முட்டை அட்டையாக இருந்தது. தம்பானூர் ஹோட்டல் ஒன்றில் சும்மாவே கொடுத்தார்கள். முட்டை வாசற்படி ஏறாத தெருவுக்குள் அதைப் பழைய வேஷ்டியில் மூட்டை கட்டி ஆட்டோவில் கொண்டுவந்தார். அத்தனை தூரம் மானத்தைக் காத்த முடிச்சு, சொல்லிவைத்தாற்போல் வீட்டு வாசலில் அவிழ்ந்தது. அட்டைகள் காற்றில் உருண்டு அடுத்த வீட்டுக் கோலத்தின்மேல் போய் உட்கார்ந்தன.

"ராமா!" மனைவி சுப்புலக்ஷ்மி தலையில் கை வைத்தாள். "சத்தம் வெளில போகப்படாதுன்னு பொறப்பட்டு, தெரு முழுக்கக் கேக்கப் பண்ணிட்டேளே!"

சாயங்காலத்துக்குள் அவித்ததா ஆம்லெட்டா என்றுகூட விசாரித்துவிட்டார்கள்.

"பாடறேன்னு சொல்ல வெக்கப்பட்டேன். முட்டை திங்கறேன்னு பேர் வாங்கிண்டேன்" என்றார் பிச்சுமணி. "ரெண்டுல எது மரியாதைன்னு சம்சயமாத்தான் இருக்கு."

கடைசியில் கட்டில் மெத்தைதான் சுவரில் சாய்ந்தது. ஜானவி வீட்டுக்குப் பிள்ளைகள் வராத நாளாகப் பார்த்து, மெத்தையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு பாடினார். மேல் ஸட்ஜத்தில் வழக்கம்போலக் கீச்.

சுவருக்கு அப்பாலிருந்து ஜானவியின் குரல் வந்தது. அதே அடி, மிக மெதுவாக, எங்கே மூச்சு வாங்கிக்கொண்டு மேலே ஏற வேண்டுமென்று காட்டிப் பாடி, நின்றது. காத்திருந்தது.

பிச்சுமணிக்குக் காதுமடல் வரை சூடேறியது. பிறகு மெத்தையை இரண்டு கையாலும் பிடித்து, சுவரிலிருந்து ஒரு சாண் நகர்த்தினார்.