சில்வர் ஓக் மரத்தடியில் ஜெபராஜ் சார்

பேளுக்குறிச்சிச் சந்தையில் மிளகுக்கு விலை பேசிக்கொண்டிருந்தபோது செய்தி வந்தது. வியாபாரி என் மிளகை உள்ளங்கையில் உருட்டி, "ஈரம் நிக்குதுங்களே" என்று சொல்லிக்கொண்டிருந்தார். சட்டைப் பையில் போன் அடித்தது. ஜெபராஜ் சார் வீட்டு ரோஸ்லின் டீச்சர். "பெரியவரே, அவரு போயிட்டாருங்க. காலைல எழுப்பப் போனேன், எழுந்திருக்கல" என்றார். நான் வாய் திறக்காமல் நின்றதைப் பார்த்த வியாபாரி, விலை பிடிக்காமல்தான் முறுக்கிக்கொண்டு நிற்கிறேன் என்று நினைத்து, தானாகவே ஏற்றிக் கொடுத்தார். ஜெபராஜ் சார் இதைக் கேட்டிருந்தால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருப்பார். அவரைப் பற்றிச் சிரிக்காமல் சொல்ல எனக்கு வராது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு எழுத்துத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல எழுதுகிறவர் டீச்சர்தான். சார் வேலை பார்த்த கம்பெனிக்காரர்கள் அவர் நினைவாக ஒரு மலர் போடுகிறார்களாம். "அவரு வேலை செய்யறதை தினமும் பார்த்தது நீங்கதான், நீங்க சொல்லுங்க" என்று மலையேறி வந்திருக்கிறார். தன்னைப் பற்றிப் பேச்சு வரும் இடத்தில் பேனா நிற்கிறது. "எழுதுங்கம்மா" என்றால் மறுபடி ஓடுகிறது.

டீச்சருக்கு மலைமேல் எங்கள் அரியூர் நாட்டுப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றல் வந்தபோது புருஷன் பெண்டாட்டி இருவரும் என் பக்கத்து வீட்டில் குடியேறினார்கள். காலையில் டீச்சர் பள்ளிக்கூடம் போவார். சார் லுங்கியோடு லேப்டாப்பைத் திறந்து உட்காருவார். எங்கள் ஊரில் அவருக்கு வெகுநாள் பெயரே கிடையாது. 'டீச்சர் ஊட்டுக்காரர்', அவ்வளவுதான். டீக்கடை மாரிமுத்து நேராகவே கேட்டுவிட்டான்.

"ஏனுங்க, டீச்சரம்மா சம்பாதிக்கறாங்க. நீங்க ஊட்ல என்னதான் பண்றீங்க?"

"நான் திட்டு வாங்கறேங்க. அதுக்குச் சம்பளம் தர்றாங்க" என்றார் சார்.

அது பொய்யில்லை என்பது எனக்குப் பிறகு புரிந்தது. ஒரு கட்டடம் எழும்பும் முன்னால் அதற்குள் ஓடும் தண்ணீர்க் குழாய், சாக்கடைக் குழாய், கரண்டு, காற்று எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் வரைந்துவிடுகிறார்கள். அப்படி வரைவதற்கான சாஃப்ட்வேரைச் செய்வது சாருடைய கம்பெனி. ஒருமுறை எனக்குத் திறந்து காட்டினார். சுவரே இல்லாத ஆஸ்பத்திரி, உள்ளே நீலமும் சிவப்பும் பச்சையுமாகக் கோடுகள் மட்டும். அதை வைத்து வரைகிற இன்ஜினியர்கள் பல ஊர்களில் இருக்கிறார்கள். அது இல்லை, இது இல்லை, இப்படி மாற்று, அப்படிச் சேர் என்று அவர்கள் கேட்டுக்கொண்டே இருப்பார்கள். அதையெல்லாம் படித்து, கேட்டவரோடு பேசி, எதைச் செய்யலாம் எதைச் செய்யக் கூடாது என்று கம்பெனிக்குச் சொல்வது சாருடைய வேலை. கேட்டது கிடைக்காதவர்கள் திட்டுவார்கள். கிடைத்தவர்கள் அடுத்ததைக் கேட்பார்கள்.

மற்றவர்கள் 'முடியாது' என்பதை எழுதி அனுப்பிவிடுவார்களாம். சார் அப்படிச் செய்யமாட்டார். "முடியாதுன்னு சொல்றதுக்கும் ஒரு போன் பண்ணணும் பெரியவரே. நாமளே வாயால சொன்னா பாதிக் கோவம் போயிடும்" என்பார். எங்கள் ஊரில் போனுக்குச் சிக்னல் கிடைப்பது ஒரே இடத்தில்தான், ரோடு திரும்புகிற மேட்டில் இருக்கும் என் தோட்டம். அங்கே சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி ஏற்றியிருக்கிறேன். சார் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை மரத்தடியில் போட்டு உட்கார்ந்து பேசுவார். நான் மேலே ஏணியில் நின்று மிளகு பறிப்பேன். அவர் போனில் சொன்ன முடியாதுகளில் பெரும்பாலானவற்றை நான் மேலிருந்து கேட்டிருக்கிறேன்.

எதைக் கேட்டு வந்தாலும் அவர் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: "அது வேணும்னு தோணுன அன்னிக்கு என்ன நடந்துச்சு, அதைச் சொல்லுங்க." ஒருவர் புது பட்டன் ஒன்று வேண்டும் என்று கத்தினார். சார் இதே கேள்வியைக் கேட்டுக் கேட்டு, கடைசியில் பார்த்தால் அந்த பட்டன் ஏற்கெனவே இருக்கிறது. யார் கண்ணிலும் படாத மூலையில் இருக்கிறது. அதன் பிறகு சார் கம்பெனிக்குப் போன் போட்டு, "நாம கதவை வெச்சிட்டு அதுக்கு முன்னாடி பீரோவைத் தள்ளி வெச்சிருக்கோம்" என்று அவர்களைத் திட்டினார்.

யார் என்ன கேட்டாலும் காது கொடுக்கிற ஆள் என்று ஊருக்குள் பேச்சுப் பரவியதும் செல்லம்மா வந்து நின்றாள். சமவெளியிலிருந்து வந்து இங்கே குடியிருக்கிறவர்கள் எல்லாரும் எங்களுக்கு ஆபீசர்கள்தான்.

"சாமி, எங்க தெருவுக்கு ஒரு லைட்டு போடச் சொல்லுங்க."

"அம்மா, நான் கவர்மெண்ட் இல்லீங்க."

"எல்லா ஆபீசருமே மொதல்ல அப்படித்தான் சொல்றாங்க."

சார் என்னைப் பார்த்தார். நான் மிளகைப் பார்த்தேன். பெருமூச்சு விட்டுவிட்டு, "சரி, லைட்டு இல்லாம என்ன ஆச்சு? அதைச் சொல்லுங்க" என்றார். பக்கத்து வீட்டுக்காரன் மாட்டை வழியில் குறுக்கே கட்டுகிறான், பொழுது சாய்ந்து வந்தவள் அதன் மேல் போய் விழுந்துவிட்டாள், மாடு மிரண்டு அவளை இரண்டு தெரு துரத்தியது. சார் சிரிப்பை அடக்கிக்கொண்டு எழுந்து போய், பக்கத்து வீட்டுக்காரனிடம் பேசி, முளைக்குச்சியைப் பின்பக்கம் மாற்றி அடிக்க வைத்தார். தெருவிளக்கு இன்றுவரை வரவில்லை. ஆனால் செல்லம்மாவைக் கேட்டால் இந்த மலைக்கு வந்த ஆபீசர்களில் உருப்படியான ஆபீசர் அவர் ஒருவர்தான்.

இனி பர்வீன் கதை. எழுதலாம் என்று அந்தப் பெண்ணே சொல்லிவிட்டது.

பர்வீன் ஒரு சின்ன இன்ஜினியர் ஆபீசில் குழாய் வரைகிற பெண். ஒரு ஆஸ்பத்திரிக்கு வரையும்போது சாக்கடைக் குழாய் ஆபரேஷன் அறையின் கூரைக்கு மேலே போகிற மாதிரி போட்டுவிட்டது. போடவே கூடாதாம். ஒழுகினால் நோயாளி மேல்தான் சொட்டும். குழாயை மாட்டிய பிறகுதான் யாரோ கவனித்தார்கள். நல்லவேளை, ஆஸ்பத்திரி திறக்கவில்லை. பிரித்து மாற்றிவிட்டார்கள். ஆனால் பர்வீனின் முதலாளி, "இது யாருமே செய்யாத தப்பு. இந்த மாசத்தோட நின்னுக்கோ" என்று சொல்லிவிட்டார். அப்பா இல்லாத வீடு, இரண்டு தங்கைகள். அந்தப் பெண் அழுதுகொண்டு உட்காராமல் சாருடைய கம்பெனிக்கு ஒரு கோரிக்கை அனுப்பியது: இந்த மாதிரி அறைகளுக்கு மேல் சாக்கடைக் குழாய் போட்டால் சாஃப்ட்வேரே எச்சரிக்க வேண்டும்.

கம்பெனியில் ஒரு வழக்கம். எந்தக் கோரிக்கைக்கு அதிகம் பேர் கை தூக்குகிறார்களோ அதுதான் முதலில். அப்போது முதலிடத்தில் இருந்தது, கண் கூசாமல் இருக்கத் திரையைக் கறுப்பாக்கித் தரவேண்டும் என்பது. பர்வீன் கேட்டதற்கு ஒரே ஒரு கை. அதுவும் பர்வீனுடையது.

"ஒரு ஆளுக்காகச் செய்ய முடியாது, மூடிடுங்க ஜெபராஜ்" என்றார் மேலாளர். சாருடைய ஒரு கையில் வெயிலுக்குக் குடை, ஒரு கையில் லேப்டாப். அதனால் போனை ஸ்பீக்கரில் போட்டு மடியில் வைத்திருந்தார். எனக்கு ஏணியில் நன்றாகவே கேட்டது.

"நாலு பேரைக் கேட்டுட்டு மூடறேன் சார்" என்றார்.

கேட்டார். நாலு பேரை அல்ல, மத்தியானம்வரை கேட்டார். 'இப்படி ஒரு எச்சரிக்கை வேண்டுமா?' எல்லாரும் ஒரே பதில்: "எங்களுக்கு எதுக்குங்க? நாங்க பார்த்துத்தான் போடுவோம்." கடைசிப் போனை வைத்துவிட்டு சார் நாற்காலியில் சாய்ந்தார். அந்த முகத்தோடு நான் அவரைப் பார்த்ததே இல்லை.

"அந்தப் பொண்ணுக்கு என்ன பதில் சொல்றதுன்னு தெரியல பெரியவரே" என்றார். அப்புறம் தானாகவே, "இத்தனைக்கும் நான் அதே தப்பைப் பண்ணியிருக்கேன்" என்றார்.

இந்தக் கம்பெனிக்கு வரும் முன்னால் அவரும் குழாய் வரைகிறவர்தானாம். அப்போது ஒரு லாட்ஜுக்கு அவர் வரைந்த சாக்கடைக் குழாய் நேராகச் சமையல்கட்டுக்கு மேலே போனது. திறப்பு விழா அன்று குழாய் ஒழுகி, சாம்பார் அண்டாவில் சொட்டுச் சொட்டாக விழுந்தது. அதை யாரும் பார்க்கவில்லை. பந்தியில் உட்கார்ந்த பெரிய மனிதர் ஒருவர் இரண்டாம் தடவை ஊற்றச் சொல்லி, "சமையல்காரர் யாருப்பா? என்னமோ புதுசா சேத்திருக்காரு" என்றாராம்.

நான் சிரித்த சிரிப்பில் ஏணி ஆடி, பறித்து வைத்த மிளகுக் கூடை சார் குடைமேல் கவிழ்ந்தது. சார் மிளகைத் தட்டிவிட்டு அண்ணாந்து என்னைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இதை நான் இதுவரைக்கும் ஒருத்தர்கிட்டயும் சொன்னதில்ல" என்றார். "எம் பொண்டாட்டிகிட்டகூட."

(டீச்சர் இங்கே பேனாவை வைத்துவிட்டார். தனக்கே இப்போதுதான் தெரியும் என்கிறார். எழுதுங்கம்மா.)

"நானே சொல்லாதப்போ அவங்க எப்படிச் சொல்லுவாங்க? வேணும்னு கை தூக்குனா, 'நீ பண்ணியிருக்கியா'ன்னு கேப்பாங்கல்ல?" என்றார் சார்.

உடனே போனை எடுத்தார். காலையில் வேண்டாம் என்றவர்களையே ஸ்பீக்கரில் மறுபடி கூப்பிட்டார். இந்தத் தடவை வேண்டுமா என்று கேட்கவில்லை. சாம்பார்க் கதையைச் சொன்னார். அந்தப் பக்கம் சிரிப்பார்கள். சார் பேசாமல் காத்திருப்பார். கொஞ்சம் கழித்து அந்தக் குரல் இறங்கும். சார் குரலும் இறங்கும். "இதை வெளில சொல்லிடாதீங்க சார்" என்று ஆரம்பித்து ஒரு கட்டடத்தின் பெயர் வரும். பள்ளிக்கூடம், கல்யாண மண்டபம், குடிதண்ணீர்த் தொட்டி. இங்கிலீஷில் பேசியவர்கள் சொன்னது எனக்குப் புரியவில்லை, ஆனால் குரல் இறங்கியது புரிந்தது. நடுவில் ஒருமுறை என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. போனில் இருந்தவர் திடுக்கிட்டு, "யாரு சார் அது?" என்றார்.

"காத்து சார், மரத்துல காத்து" என்று சமாளித்துவிட்டு என்னை முறைத்தார். "பெரியவரே, மேலேருந்து சத்தம் வரக் கூடாது. கேட்ட பேச்சும் கீழ இறங்கக் கூடாது."

"எறங்காதுங்க. நான் யாருகிட்டப் போயி இன்ஜினியருங்க சாக்கடையப் பத்திப் பேசப் போறேன்?" என்றேன்.

அடுத்த நாள் மேலாளரிடம் சொன்னார். நிறையப் பேர் இந்தத் தப்பைச் செய்திருக்கிறார்கள், சொல்லத்தான் கூசுகிறார்கள் என்றார். மேலாளர் நம்பவில்லை. "யார் யாருன்னு பேர் குடுங்க. பேரில்லாம நான் எதை வெச்சு முடிவு எடுக்கறது?"

"பேர் தரமாட்டேன்னு சொல்லிட்டுத்தான் சார் கேட்டேன்."

"அப்ப மூடிடுங்க. பிடிவாதம் பிடிச்சீங்கன்னா உங்களுக்கு வேற வேலைதான் பார்க்கணும்."

மாசக் கடைசி நெருங்கிவிட்டது. மூடிவிட்டால் அந்தப் பெண்ணின் தப்பு யாரும் செய்யாத தப்பாகவே நிற்கும். சார் ஒரு நொடி கண்ணை மூடினார். பிறகு, "ஒரே ஒரு பேர் தரேன் சார், எழுதிக்குங்க. ஜெபராஜ்" என்று சொல்லிவிட்டு, சாம்பாரை முதலிலிருந்து சொன்னார். பெரிய மனிதர் இரண்டாம் தடவை கேட்டதையும் விடவில்லை.

மேலாளர் தொண்டையைச் செருமினார். குரலை இறக்கி, "ஜெபராஜ்... நானும் ஒருதடவை..." என்று ஆரம்பித்தார். சார் சட்டென்று ஸ்பீக்கரை அணைத்துவிட்டார். அணைப்பதற்குள் கொஞ்சம் என் காதில் விழுந்துவிட்டது. அதை விடுங்கள்.

சாஃப்ட்வேரில் அந்த எச்சரிக்கையைச் சேர்த்தார்கள். கறுப்புத் திரை கேட்டவர்கள் இன்னும் கொஞ்ச நாள் வெள்ளைத் திரையைப் பார்த்தார்கள். அதற்கு முன்பே மேலாளர் பர்வீனின் முதலாளிக்கு அவராகவே போன் செய்து, அது பலரும் செய்கிற தப்புதான் என்று சொன்னாராம். முதலாளி அதற்கு என்ன சொன்னார் என்பது எனக்குத் தெரியாது. அந்தப் பேச்சு என் மரத்தடியில் நடக்கவில்லை. பர்வீனுக்கு வேலை போகவில்லை, அவ்வளவு தெரியும். ஒருநாள் தன் அம்மாவோடு பஸ் ஏறி எங்கள் ஊருக்கே வந்தது. கொண்டை ஊசி வளைவுகளில் சுற்றிச் சுற்றி ஏறி வந்து பஸ்ஸை விட்டு இறங்கும்போது முகம் வெளிறிப் போயிருந்தது. "சார், இந்த ரோட்டை வரைஞ்சவருக்கும் ஒரு எச்சரிக்கை குடுத்திருக்கலாம்" என்றது. சார் அன்று சிரித்ததுபோல் அப்புறம் சிரித்து நான் பார்க்கவில்லை. மத்தியானம் டீச்சர் சாம்பார் வைத்தார். சாரும் நானும் ஒருவரையொருவர் பார்க்காமல் சாப்பிட்டோம்.

டீச்சருக்கு மறுபடி மாற்றல் வந்து அவர்கள் கீழே போய்விட்டார்கள். அடக்கத்துக்குப் போயிருந்தேன். சர்ச் வளாகம் முழுக்க எனக்குத் தெரியாத முகங்கள். ஒவ்வொருவராக மைக்கில் பேசினார்கள். ஒரு நடுவயதுக்காரர் மட்டும் பேசாமல் கடைசி பெஞ்சில் என் பக்கத்தில் இருந்தார். "நீங்க சாருக்கு என்ன வேணுங்க?" என்றேன். அவர் பெயரைச் சொன்னார். சொன்னதும் எனக்கு அன்று போனில் இறங்கிய அந்தக் குரலும் கட்டடமும் மரத்தில் இருந்த வெயிலும் ஞாபகம் வந்துவிட்டன. அவர் என் முகத்தைப் பார்த்து, "சார் என்னைப் பத்தி ஏதாவது சொல்லியிருக்காருங்களா?" என்றார்.

"இல்லீங்களே. ஒண்ணுஞ் சொன்னதில்ல" என்றேன். அது உண்மைதான், சார் சொன்னதில்லை. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து, மைக்குக்குப் போய், சாரைப் பற்றி மற்றவர்களைவிட நன்றாகப் பேசினார்.

சாரிடமிருந்து எனக்கு வந்து சேர்ந்தது இதுதான். அன்று மரத்தடியில் தமிழில் பேசியவர்கள் அத்தனை பேரின் பெயரும், எந்த ஊர், எந்தக் கட்டடம், எதன் மேல் சொட்டியது என்பதும் எனக்கு அப்படியே இருக்கிறது. எழுதத் தெரியாதவனுக்கு மறக்கவும் தெரிவதில்லை. உங்களில் சிலர் இந்த மலரைப் புரட்டி, அந்தக் கிழவன் நம் பெயரைப் போட்டுவிட்டானோ என்று தேடலாம். தேடவேண்டாம்.

இவ்வளவு எழுதிவிட்டு டீச்சர் இப்போது பேனாவை மூடிவைத்து, என் பக்கம் சாய்ந்து, "இதை எழுதமாட்டேன் பெரியவரே. எனக்கு மட்டும் சொல்லுங்க, யாரெல்லாம்?" என்கிறார்.

பேனாவைத் திறங்கம்மா. சொல்லமாட்டேன் என்று எழுதுங்கள்.