மைக் பிடித்த தையல்காரன்

விகடம் சொல்கிறவனுக்கு எதிரே உட்கார்ந்திருக்கிற ஜனம்தான் எஜமான். அந்த எஜமானுக்குக் காது உண்டு, வாய் உண்டு, இரக்கம் மட்டும் கிடையாது. மேடையேறித் தொண்டையைச் செருமி நீங்கள் சொன்ன முதல் வேடிக்கைக்கு முன்வரிசைக்காரர் கொட்டாவி விட்டிருக்கிறாரா? அப்படியானால் வாருங்கள், நாமெல்லாம் ஒரே பந்தியில் உட்கார வேண்டியவர்கள்.

எனக்குத் தொழில் தையல். புதுக்கோட்டையில் ராஜா ஆட்சி போய், எங்களைத் திருச்சி ஜில்லாவோடு சேர்த்துக் கொஞ்ச காலம் ஆகியிருந்தது. மிஷினை மிதித்துக்கொண்டே கடைக்கு வருகிறவர் போகிறவர் குரலையெல்லாம் பிடித்துப் பேசுவேன். பொத்தான் துளைக்குக் காஜா எடுக்கிறவர்கள் சிரித்துச் சிரித்து ஊசியைத் தொலைப்பார்கள். "மைக்குல பேசுடா, ஊரே உருளும்" என்று கிளப்பிவிட்டார்கள். நானும் கிளம்பிவிட்டேன்.

பந்திக்கு நடுவில்

முதல் மேடை திருக்கோகர்ணத்தில், என் சம்சாரம் மரகதத்தின் பெரியப்பா மகள் கல்யாணம். முதல் பந்தி சாப்பிட்டுக்கொண்டிருந்தது. அடுத்த பந்திக்குக் காத்திருந்த ஜனம் பசியில் நெளிந்தது. ரிக்கார்டு போடுகிறவர் மைக்கை என்னிடம் நீட்டினார். பொன்னமராவதி பஸ்ஸில் ஏறுகிற கூட்டத்தை எடுத்துவிட்டேன்: கோழிக்கூடையோடு ஏறுகிற ஆத்தா, சீட்டுக்குச் சண்டை போடும் சம்பந்திகள், மேட்டில் முக்கி முனகுகிற வண்டி. சிரிப்பென்றால் சிரிப்பு! எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்தச் சூட்டில்தான் புத்தி கெட்டுப்போனது. கடையில் என் பெரிய சரக்கு ஒப்பாரிதான். இழவு வீட்டில் ரெண்டு பெண்பிள்ளைகள் ஒருத்தியை ஒருத்தி மிஞ்சப் பார்த்து அழுவார்கள். "என்னை விட்டுப் போயிட்டியளே!" என்று அடிவயிற்றிலிருந்து எடுத்தேன். பந்தல் கப்சிப். கல்யாண வீடு என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. வாயை மூடி என்ன செய்ய? குழாய் ஸ்பீக்கர் வேப்பமரத்து உச்சியில் கட்டியிருந்தது. மூணு தெருவுக்கு அழுகை போய்ச் சேர்ந்துவிட்டது. தோளில் துண்டோடு நாலைந்து பேர் இரைக்க இரைக்க ஓடிவந்தார்கள். முன்னால் வந்தவர் வாழைமரத்தையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். குரலைத் தணித்துக் கேட்டார்: "பொண்ணு வீட்டுலயா, மாப்பிள்ளை வீட்டுலயா? எத்தனை மணிக்கு எடுக்குறாங்க?"

மரகதம் போட்ட உத்தரவு

வீட்டுக்கு வந்து மூணு நாள் மரகதத்திடமிருந்து எனக்குச் சோறு வந்தது, பேச்சு வரவில்லை. நாலாம் நாள் நான் காலைப் பிடிக்காத குறை. எனக்கு மைக் ருசி கண்டுபோயிற்று. அந்தச் சிரிப்பு காதுக்குள்ளேயே நின்றது. அதை விட்டுவிடச் சொன்னால் மூச்சை விட்டுவிடச் சொன்ன மாதிரி. எல்லாம் கேட்டுவிட்டு மரகதம் சொன்னாள்: "மூணு மேடை தர்றேன். ஒண்ணுலயாச்சும் ஜனம் தானா மனசு விட்டுச் சிரிச்சுச்சுன்னு எனக்குத் தெரியணும். இல்லையா, வாயைத் தைச்சுக்கிட்டுத் துணியைத் தைங்க."

ஆவூரில் ரெட்டைச் சிரிப்பு

மூணில் முதலாவது ஆவூர் வேதக்கோயில் திருநாள். பகல் சாப்பாட்டுக்குப் பிறகு பள்ளிக்கூட மைதானத்தில் மேடை. முன்னால் நடுநாயகமாக வெள்ளைக்காரச் சாமியார், கப்பலிறங்கி ஆறு மாதம்கூட ஆகவில்லை. பக்கத்தில் வேதபாடம் சொல்லிக்கொடுக்கிற உபதேசியார். பஸ்ஸைக் கிளப்பினேன். ஒருத்தரும் சிரிக்கவில்லை! அத்தனை பேர் கண்ணும் சாமியார் முகத்திலேயே இருந்தது.

பிறகுதான் விஷயம் புரிந்தது. உபதேசியார் சாமியார் காதில் குனிந்து நான் சொன்னதை விளக்குகிறார். விளங்கியதும் சாமியார் வயிறு குலுங்க, "ஓஹோ!" என்று தொடையில் தட்டுகிறார். அதன் பிறகு மைதானமே இடிந்து விழுகிற மாதிரி சிரிக்கிறது! அதற்குள் நான் அடுத்த வேடிக்கைக்குப் போய்விடுகிறேன். முன்னதுக்கு வந்த சிரிப்பில் பின்னது மூழ்குகிறது. ஒரு கட்டத்தில் உபதேசியார் வேர்த்து விறுவிறுத்து எழுந்து கையெடுத்துக் கும்பிட்டார்: "தம்பி, செத்த பொறுங்க. நீங்க பொன்னமராவதி போய் எறங்கிட்டீங்க, நான் சாமியாரை இன்னும் புதுக்கோட்டையிலயே பஸ் ஏத்தலை!"

திரைக்கு அந்தப் பக்கம்

ஆவூரை மரகதம் தள்ளிவிட்டாள். "அது சாமியாருக்காகச் சிரிச்ச சிரிப்பு."

அடுத்தது மணமேல்குடிப் பக்கம். என் கடையில் சட்டை தைத்துக்கொள்கிற ஜவுளி வியாபாரி தன் தங்கை கல்யாணத்துக்கு அழைத்திருந்தார். நிக்காஹ் முடிந்து, விருந்துக்கு முன்னால் பேசச் சொன்னார்கள். மாப்பிள்ளையின் பெரியப்பா, அவர்கள் பேச்சில் பெரியத்தா, முன்னால் உட்கார்ந்திருந்தார். வெள்ளைத் தாடி, ஆடாத முகம். அவருக்கு முன்னால் பல்லைக் காட்டுவதாவது! நூறு ஆண்கள் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் ஆட்டுக்குட்டியாகக் கத்தினேன், கோழியாகக் கொக்கரித்தேன். சுவரிடம் பேசியிருந்தால் எதிரொலியாவது கிடைத்திருக்கும்.

அப்போது பக்கவாட்டில் கட்டியிருந்த துணித் திரைக்குப் பின்னால் "களுக்" என்று ஒரு சத்தம். பிறகு இன்னொன்று. பிறகு திரையே காற்றில்லாமல் ஆடியது! பெண்கள் வாயைப் பொத்திப் பொத்திப் பார்த்து முடியாமல் விட்டுவிட்டார்கள். எனக்கு உயிர் வந்தது. என்னையறியாமல் உடம்பு திரைப் பக்கமாகத் திரும்பிவிட்டது. பெரியத்தா கையை உயர்த்தினார். தொலைந்தோம் என்று நின்றேன். அவர் தாடி லேசாகக் குலுங்கியது: "தம்பி, மொகத்தை இங்கிட்டு வைங்க. பேச்சை மட்டும் அங்கிட்டு அனுப்புங்க."

பேசாத பெட்டி

"தெரைக்குப் பின்னாடி சிரிச்சது யாரு, நீங்க பாத்தீங்களா?" என்று அதையும் மரகதம் தள்ளிவிட்டாள். மிச்சம் ஒரே மேடை.

அது பொன்னமராவதிக்குப் பக்கத்து ஊரில் பஞ்சாயத்து ரேடியோ திறப்பு விழா. பெட்டி வந்துவிட்டது, திறந்து வைக்கிற அதிகாரி வரவில்லை. அவர் வரும்வரை என்னைப் பேசச் சொன்னார்கள். ஆட்டுக்குரலில் ஆரம்பித்தேன். சுத்துப்பட்டு ஜனமெல்லாம் ரேடியோவைக் கேட்க வந்திருந்தது. நடுவில் நான் நந்தி. "யோவ், தள்ளி நில்லுய்யா, பொட்டி தெரியல!" என்றான் ஒருத்தன். "வெள்ளாடு கத்துறதைக் கேக்கவா வண்டி கட்டி வந்தோம்?" என்றான் இன்னொருத்தன். பின்வரிசை எழுந்து வேட்டியைத் தட்டியது. என் கதை முடிந்தது, இனி ஆயுசுக்கும் காஜாதான்.

என்ன வேகமோ, மைக்கோடு பெட்டிக்குப் பின்னால் போய்க் குந்திவிட்டேன். "க்ர்ர்ர், பீய்ங்" என்று கரகரத்தேன். எழுந்தவர்கள் அப்படியே நின்றார்கள். "செய்திகள்" என்று கனத்த குரலில் ஆரம்பித்தேன். அடுத்து என்ன சொல்ல? என் வாயில் தயாராக இருந்தது வீட்டில் தினமும் கேட்கிற குரல் ஒன்றுதான்: "ஏங்க! அரிசி இல்லைன்னு நேத்தே சொன்னேனா இல்லையா? காதுல என்ன, காஜாவா போட்டிருக்கு?"

மரகதத்தின் குரல்! அப்பா, அந்தச் சிரிப்பு! ஆண்கள் பெண்களைப் பார்த்துச் சிரித்தார்கள், பெண்கள் ஆண்களைக் கைகாட்டிச் சிரித்தார்கள். ரேடியோ ஒரு மணி நேரம் புருஷனைத் திட்டியது. உப்பு, விறகு, கொழுந்தன், நாத்தனார் என்று ஒன்றையும் விடவில்லை. அதிகாரி வந்து, மாலை வாங்கி, பெட்டியைத் திருகினார். யாரோ ஒருத்தர் நெல் விலை வாசித்தார். ரெண்டு நிமிஷம் பொறுத்துப் பார்த்த ஒரு பெரியவர் எழுந்து கும்பிட்டார்: "ஐயா, கோவிச்சுக்காதீங்க. முந்தி வச்சிருந்த ஸ்டேஷனையே வைங்க!"

ஐந்து மணி பஸ்

ஜெயித்த மப்பில் பஸ் ஏறினேன். பெண்கள் சீட்டில் மரகதம் உட்கார்ந்திருந்தாள்! எனக்குத் தெரியாமல் பகல் பஸ்ஸில் வந்திருக்கிறாள். "எப்ப வந்தே?" என்றேன். "அரிசி இல்லைன்னப்பவே வந்துட்டேன்" என்றாள். மேடையை ஜெயித்து வீட்டைத் தோற்றுவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன். "தப்புத்தான் மரகதம். வேணாம்னா இன்னையோட விட்டுர்றேன்" என்றேன், மனசில்லாமல்.

அவள் ஜன்னல் பக்கம் பார்த்தபடியே சொன்னாள்: "ஜனம் மனசு விட்டுத்தான் சிரிச்சுச்சு, நானே பாத்தேன். ஆனா நீங்க கத்துனீங்க. கோவம் வந்தா நான் சத்தத்தை ஒசத்த மாட்டேன், எறக்குவேன். அதுதானே ஒங்களுக்குப் பயம்? அடுத்த மேடையில ஒழுங்காச் செய்யுங்க."

அதற்குப் பிறகு எத்தனையோ ஊர் ஜனத்தைச் சமாளித்துவிட்டேன். ஆனால் துணியோ விகடமோ, அளவு கொடுத்தவரே எதிரே உட்கார்ந்து பார்க்கிறார் என்றால் இன்றைக்கும் ஒரு தடவைக்கு ரெண்டு தடவை அளந்து பார்த்துத்தான் கத்தரியை எடுக்கிறேன்.