ரயில் விலகிப்போன நிலையம்

காலை 9.40. தைப்பிங்கில் ரயிலை விட்டு இறங்கியபோது மழை ஓய்ந்திருந்தது. பாகான் செராய் சாலையில் பதினெட்டு கிலோமீட்டர் போக, காரோட்டி சேவியர் அண்ணனிடம் முப்பது வெள்ளி வாடகை பேசினேன். மூடிக் கிடக்கும் நிலையங்களைப் பற்றி எழுதுகிறேன் என்றதும் சிரித்தார். நான் தேடிப்போன நிலையத்தை ஒட்டிய ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவர் அவர்.

10.20. செம்மண் பாதை முடிந்த இடத்தில் காரை விட்டு நடந்தோம். ரப்பர் மரம் ஒன்றுகூட இல்லை, எங்கும் எண்ணெய்க்கான செம்பனை.

“எங்கப்பா இங்கதான் ரப்பர் ஷீட்டு ஏத்துனாரு. ஞாயித்துக்கெழமைன்னா தோட்டமே பிளாட்பாரத்துல நிக்கும். தோட்டத்த வித்தாங்க, சனங்க போயிட்டாங்க. பெறகு ரெட்டைத் தண்டவாளம் போட்டப்ப, லைன நேரா இழுத்துட்டாங்க. ஸ்டேசன மூடல லா, ரயிலே வேற பக்கம் போயிருச்சு.”

தண்டவாளத்தைப் பெயர்த்த இடத்தில் லாலான் புல் இடுப்புயரம் நின்றது. நிலையத்தின் துத்தநாகக் கூரை பாதி சரிந்திருந்தது. டிக்கெட் அறைக் கதவு இறுகியிருக்கவே, தோளால் இடித்துக்கொண்டு உள்ளே போனேன்.

முதலில் ரீங்காரம்தான் கேட்டது. திரும்பினேன். கதவு நிலைக்கு மேல், உள்பக்கம், பானை அளவுக்கு ஒரு கூடு.

“தெபுவான்! அசையாத தங்கச்சி!” வெளியிலிருந்து அண்ணன் கத்தினார்.

கதண்டுக் குளவிகள் வாசலை மறைத்துச் சுற்றின. ஒன்று என் கண்ணாடியில் உட்கார்ந்து ஊர்ந்தது. மூச்சை அடக்கி நின்றேன்.

எனக்குப் பின்னால் டிக்கெட் சன்னலை அடைத்திருந்த பலகை படீரென்று உடைந்தது. அண்ணன் கல்லால் இடித்துக்கொண்டிருந்தார். “மெதுவா வா. கையப் பிடி.” தலை குனிந்து, சன்னல் வழியே வயிறு உரசத் தவழ்ந்து அவர்மேல் விழுந்தேன். ஓடும்போது அவர் தன் கழுத்தைப் பிடித்தார். “கொட்டிருச்சு.”

கார் அருகே வந்ததும் சாவியை என்னிடம் நீட்டினார். “நீ ஓட்டு. போன வருசம் ஒண்ணு கொட்டி மூச்சு நின்னுபோச்சு எனக்கு.”

அந்தப் பதினெட்டு கிலோமீட்டரில் நான் எதையும் பார்க்கவில்லை. அவருடைய மூச்சை மட்டும் கேட்டேன். அது விசிலாகி, மெலிந்து, சில சமயம் கேட்காமலே போயிற்று. “அண்ணே, பேசுங்கண்ணே!” என்று கத்தினேன். உதடு வீங்கியிருந்தது, விரலை மட்டும் அசைத்தார்.

மருத்துவமனையில் ஊசி போட்டார்கள். இரண்டு மணிக்குக் கண் திறந்தார். பக்கத்தில் அவர் மனைவி மேரி அக்கா. என்னைத் திட்டவில்லை. “அப்படி என்னதான் பாக்கணும் அங்க?” என்று மட்டும் கேட்டார்.

மாலையில் ஜெலாப்பாங்கில் என் வீட்டு வாசலில் நின்றேன். கதவைத் தள்ளுமுன் காதை வைத்து, ரீங்காரம் உண்டா என்று கேட்டேன்.