எண்பதில் ஓடும் வான்

சிவப்பு விழுந்தவுடன் இம்மாகுலேற் சாவியைத் திருப்பி வானை நிறுத்திவிடுவார். மார்க்ஸ் டோர்மோயில் இருந்து போர்த் து லா சப்பல் வரைக்கும் எத்தனை விளக்குகள் உண்டோ, அத்தனை தடவையும் என்ஜின் அடங்கும். அத்தனை தடவையும் இருமிக்கொண்டு எழும்பும். பச்சை விழுந்தபின் அது எழும்ப எடுக்கும் இரண்டு நொடிக்குள் பின்னால் நிற்கிறவர்கள் கோர்ன் அடிப்பார்கள். கண்ணாடியை இறக்கி ஏசுகிறவர்களும் உண்டு. இம்மாகுலேற் திரும்பிப் பார்ப்பதில்லை.

"அடிக்கட்டும். அவையின்ரை கோர்னிலை என்ரை வான் ஓடாது, டீசல்லைதான் ஓடும்."

வானுக்குப் பன்னிரண்டு வயது. வெள்ளை நிறம் என்று பத்திரத்தில் இருக்கிறது. செவ்வாயும் வியாழனும் றுவாசி விமான நிலையத்துச் சரக்குக் கொட்டகையில், கொழும்பிலிருந்து வந்திறங்கும் மரக்கறிப் பெட்டிகளை ஏற்றிவந்து ரூ து ஃபொபூர் சேன்-தெனியில் ஐந்து தமிழ்க் கடைகளுக்குக் கொடுப்பதுதான் தொழில். முருங்கைக்காய், வாழைப்பூ, ஈரச் சாக்கு மணக்கிற வல்லாரை. வியாழக்கிழமைப் பெட்டிகளுக்கு மதிப்புக் கூட. வெள்ளிக்கிழமை சைவம் சமைக்கிற வீட்டுப் பெண்கள் வியாழன் மத்தியானமே கடைக்கு வந்து நிற்பார்கள்.

இம்மாகுலேற் பேசாலைக் கத்தோலிக்கப் பெண். அவர் வீட்டில் வெள்ளிக்கிழமை மீன். ஆனாலும் வானின் முன்பக்கத்தில், மடுமாதா படத்துக்குப் பக்கத்தில், கோயில் கலண்டர் ஒன்று தொங்குகிறது. கந்தசஷ்டி எப்போது தொடங்குகிறது, ஆடிச் செவ்வாய்கள் எத்தனை என்று சைவக்காரர்களே அவரிடம் கேட்பார்கள். எந்த நாள் வான் நிரம்பும், எந்த நாள் அரைவாசி வெறுமையாக ஓடும் என்று அந்தக் கலண்டர்தான் அவருக்குச் சொல்கிறது. அரைவாசி வெறுமையாக ஓடுவது அவருக்கு வயிற்றில் பசிபோல.

வயது ஐம்பத்திரண்டு. அதில் பத்தொன்பது வருடம் கார் து நோர் ரயில் நிலையத்துப் பக்கத்து ஹோட்டல் ஒன்றில் கட்டில் விரித்தார். முழங்கால் இரண்டும் அங்கே போயின. நாற்பத்தேழு வயதில், நான்காவது தடவையில், சாரதிப் பத்திரம் எடுத்தார். ஹோட்டல் மேற்பார்வைக்காரி இன்னும் ஆள் தேவை என்று தொலைபேசி எடுக்கிறாள்.

"நான் போனைத் தூக்கிறேல்லை. முழங்கால் மாட்டன் எண்டுதான் சொல்லும். வாய்தான் பழக்கத்திலை ஓம் எண்டிடும்."

டீசல் லீற்றர் இரண்டு யூரோவைத் தாண்டிய வாரத்தில், மகள் டிலானி வானை விற்றுவிடச் சொல்லிப் பிரெஞ்சில் நீளமாகப் பேசினாள். மின்சார வான்களின் படங்களையும் தொலைபேசியில் காட்டினாள். தாய் கடைசிப் படம் வரைக்கும் பார்த்தார்.

"வடிவாத்தான் இருக்கு. ஆற்றை வீட்டு வாசலிலை இதுக்கு வயர் குத்துறது, பிள்ளை? நாங்கள் அஞ்சாம் மாடி."

அடுத்த வாரம் கலைமாறன் வந்தார். மரக்கறியைக் கொழும்பிலிருந்து எடுப்பிப்பவர் அவர்தான். ஐந்து கடைகளில் பெரிய கடையும் அவருடையதுதான். வயது நாற்பதுக்குள். வேலைக்கு ஆள் வைத்ததிலிருந்து பெட்டி தூக்கியதில்லை.

"அக்கா, ஒரு லொறிக்காரன் கேட்டுக்கொண்டு நிக்கிறான். நீங்கள் காசு கூட்டச் சொல்லிக் கேட்டியள் எண்டா..."

"நான் கேட்டனானோ?"

"இல்லை, கேட்பியள் எண்டு..."

"கேட்டாப்பிறகு வாங்கோ."

அதன்பிறகு இம்மாகுலேற், பாரம் குறைந்தால் டீசலும் குறையும் என்று, வானைக் கழற்றத் தொடங்கினார். பின்பக்கத்து இருக்கை வாங்கு போனது. மரத்தட்டுகள் போயின. ஐந்து வருடமாக ஒருநாளும் தேவைப்படாத இரும்புச் சங்கிலி, மூன்று வெற்றுத் தண்ணீர்க் கான்கள், உடைந்த குடை எல்லாம் போயின. "அக்கா, இப்பிடியே கழட்டினியள் எண்டா கடைசியிலை ஸ்ரேரிங்கும் மாதாவும்தான் மிஞ்சும்" என்றார் கராஜ்காரர். "அவவுக்கு நிறையில்லை, இருக்கட்டும்" என்று இம்மாகுலேற் பதில் சொன்னார். திங்கட்கிழமைகளில் சில்லுகளுக்குக் காற்றுப் பார்ப்பார். நெடுஞ்சாலையில் எண்பதுக்கு மேல் போகமாட்டார். லொறிகளெல்லாம் அவரை முந்திக்கொண்டு போகும்.

லா சப்பல் கடைத்தெருவில் தரிப்பிடம் தேடிச் சுற்றுவதையும் நிறுத்தினார். முன்பெல்லாம் ஒவ்வொரு கடை வாசலிலும் நிறுத்தி, பொலிஸைக் கண்டதும் எடுத்து, ஒரு சுற்றுச் சுற்றி வந்து மறுபடியும் நிறுத்துவார். இப்போது ரூ லூயி-பிளாங் முனையில் கிடைத்த இடத்தில் ஒரே தடவை. மீதித் தூரம் முழுக்கக் கைவண்டியும் காலும். இரண்டு சில்லு வைத்த அந்த இரும்புக் கைவண்டிக்குப் பிரெஞ்சுக்காரர் பேய் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். இம்மாகுலேற் அந்தப் பெயரை வாயில் எடுப்பதில்லை. அவருக்கு அது சூசையப்பர். "பாரம் சுமந்த மனிசன் அவர்தானே."

இத்தனையும் செய்தும் ஒரு குறை இருந்தது. விமான நிலையத்திலிருந்து வரும்போது வான் நிறைந்திருக்கும், போகும்போது வெறுமை. வெறுமைக்கும் டீசல் எரிகிறது. ஒருநாள் பயணச்சீட்டு விற்கும் வரதராசாவின் கடைக்கு முன்னால், ஊருக்குப் போகும் குடும்பம் ஒன்று நான்கு பெரிய பெட்டிகளோடு, டாக்ஸிக்காரன் கேட்ட காசைக் கேட்டு விறைத்துப்போய் நின்றது. இம்மாகுலேற் வானுக்குள் இருந்தபடி கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இறங்கிப் போய்ப் பின்கதவைத் திறந்தார்.

அன்றிலிருந்து ஊருக்குப் போகிறவர்களின் பெட்டி காசுக்கு வானில், ஆள் ரயிலில். டாக்ஸிப் பத்திரம் இல்லாமல் காசுக்கு ஆள் ஏற்றினால் வானையே பறித்துவிடுவார்கள்; அதனால் அவர் ஆள் ஏற்றுவதில்லை. பெட்டியைக் கைத்தராசில் கொழுவித் தூக்கிப் பார்ப்பார். முப்பது கிலோ. அதற்குமேல் ஒரு சவர்க்காரக் கட்டியும் ஏறாது. "இதென்ன, முழுக் கடையையும் கட்டினியளோ? அங்கையும் சவர்க்காரம் இருக்கு, அக்கா." கடைசியில் எல்லோருக்கும் ஒரே புத்திமதி: "ரெயினிலை பொக்கற் கவனம். கள்ளன் கையை விட்டா ஒண்டும் மிஞ்சாது."

போன மாதம் ஒரு வியாழக்கிழமை, எண்பதில் ஓடியதால் அரைமணி நேரம் பிந்திவிட்டது. கலைமாறன் கடைக்கு வந்த பெண்கள் வெறும் பையோடு திரும்பிப் போனார்கள். "அடுத்த வியாழன் பன்ரண்டு மணிக்குச் சாமான் வாசலிலை நிக்கோணும், அக்கா. பிந்தினா நான் லொறிக்காரனுக்கு ஓம் எண்டிடுவன்" என்றார் அவர். இம்மாகுலேற் கலண்டரில் அந்த வியாழனைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார்.

அந்த வியாழக்கிழமை காலை எட்டே முக்காலுக்கு விமான நிலைய வாசலில் ஒரேயொரு பெட்டியோடு நின்றார். தங்கை மகளின் கலியாணத்துக்குக் கொக்குவில் போகும் பூபாலசிங்கத்தின் பெட்டி அது. நீல நைலோன் கயிற்றால் குறுக்கும் நெடுக்கும் வரிந்து கட்டியிருந்தது. ஆளைக் காணவில்லை. அந்த வாசலில் பத்து நிமிடம்தான் சும்மா நிற்க விடுவார்கள். தொலைபேசி அடித்தது.

"தங்கச்சி, நான் ஒல்னே ஸ்ரேசனிலை நிக்கிறன். ஆரோ தண்டவாளத்திலை இறங்கிட்டினமாம். எல்லாரையும் இறக்கிப் போட்டாங்கள்."

"அடுத்த ரெயின் எத்தினை மணிக்காம்?"

"போர்ட்டிலை ஒண்டும் காட்டேல்லை. நீர் பெட்டியை ஓரமா வைச்சிட்டுப் போம். நான் எப்பிடியும் வந்து எடுக்கிறன்."

"ஓரமா வைச்சா பொலிஸ் வந்து குண்டெண்டு வெடிக்க வைப்பான், அண்ணை. உங்கடை சவர்க்காரம் முழுக்க நுரையாய்ப் பறக்கும்."

"அப்ப பாஸ்போட்?"

"பாஸ்போட்டுக்கு என்ன?"

"அது பெட்டிக்குள்ளை."

"பெட்டிக்குள்ளையோ! விசரோ உங்களுக்கு?"

"நீர்தானே சொன்னனீர், ரெயினிலை பொக்கற் கவனமெண்டு."

இம்மாகுலேற் சாவியைத் திருப்பி என்ஜினை நிறுத்தினார். யோசிப்பதற்கு டீசல் எரிப்பது அவர் வழக்கமில்லை. விமானம் பதினொன்றரைக்கு. பத்தரையோடு பெட்டி எடுக்கமாட்டார்கள். சரக்குக் கொட்டகைக்கு முதலில் போனால் மரக்கறி நேரத்துக்குக் கடைக்குப் போய்விடும். மனிதர் கலியாணத்துக்குப் போகமாட்டார். ஒல்னேக்குப் போய்த் திரும்பி வந்தால் பன்னிரண்டு மணி கையைவிட்டுப் போகலாம். அதோடு வேலையும் வானும் போகலாம். வீட்டுத் தொலைபேசியில் ஹோட்டல்காரி இன்னும் காத்திருக்கிறாள்.

"ஸ்ரேசன் வாசலிலை நில்லுங்கோ. அங்காலை இஞ்சாலை அசையப்படாது."

ஒல்னேயில் இருநூறு பேர் பஸ்ஸுக்கு அலைமோதிக்கொண்டிருந்தார்கள். நடுவில், கோட்டுப் போட்டு, அசையாமல், இரண்டு கையாலும் இரண்டு பொக்கற்றையும் பொத்திப் பிடித்தபடி பூபாலசிங்கம் நின்றார். இம்மாகுலேற் முன்கதவைத் தள்ளித் திறந்தார்.

"ஏறுங்கோ."

"ஆக்களை ஏத்தமாட்டன் எண்டு..."

"காசுக்கு ஏத்தமாட்டன். ஏறுங்கோ."

நெடுஞ்சாலைக்கு வந்ததும் பூபாலசிங்கம் முன்னுக்கு எடுத்துவைத்த பெட்டியை மடியில் சாய்த்து முடிச்சுகளை அவிழ்க்கத் தொடங்கினார். பல்லாலும் இழுத்துப் பார்த்தார். இடையிடையே எட்டி வேகமானியைப் பார்த்தார். முள் எண்பதில் நின்றது.

"தங்கச்சி, கொஞ்சம் அமத்துமன்."

"அமத்தமாட்டன், அண்ணை."

"பிளேன் போயிடும்!"

"போகாது. கணக்குப் பாத்திட்டன். இதுக்கு மேலை போனா இவர் டீசல் குடிக்கத் தொடங்கிடுவார். உங்களுக்காக ஒருக்கா விட்டா பழகிடும்."

"இப்பிடி ஒரு மனுசியை நான் காணேல்லை."

"முடிச்சைப் பாருங்கோ. ஆர் இத்தினை முடிச்சுப் போட்டது?"

"நான்தான்" என்றார் அவர், நைலோனைக் கடித்தபடியே.

பத்தாவதற்குப் பத்து நிமிடம் இருக்கையில் மறுபடியும் அதே வாசல். சட்டைகளுக்கு அடியில், ஒரு சொக்கலேற் பெட்டிக்குள் இருந்து பாஸ்போட் வெளியே வந்தது. பூபாலசிங்கம் அதை நெஞ்சில் வைத்துக்கொண்டு, மற்றக் கையால் ஒரு தாளை நீட்டினார். இம்மாகுலேற் அந்தக் கையை மடக்கி அவர் பக்கமே தள்ளினார்.

"பெட்டிக்கு நீங்கள் தந்திட்டியள். போங்கோ, பிள்ளைக்கு என்ரை வாழ்த்தைச் சொல்லுங்கோ."

சரக்குக் கொட்டகையில் அவருக்கு முன்னால் ஏழு வாகனங்கள். வழக்கமாக முதல் ஆளாக நிற்கிறவர். கடைசிப் பெட்டியை ஏற்றிக் கதவடைக்கும்போது பதினொன்றாகிவிட்டது. கலைமாறன் ஆறு தடவை தொலைபேசி எடுத்திருந்தார். ஏழாவது நெடுஞ்சாலையில் அடித்தது. வலதுகால் தானாகவே கீழே போகப் பார்த்தது. எண்பத்திரண்டு, எண்பத்தைந்து. இம்மாகுலேற் காலைத் தூக்கினார். முள் இறங்கி எண்பதுக்கு வந்து நின்றது. லொறி ஒன்று அவரை முந்திக்கொண்டு போனது. அதன் பின்கதவைப் பார்த்தபடியே ஓட்டினார்.

போர்த் து லா சப்பலில் சிவப்பு. நேரம் பதினொன்றே முக்கால். சாவியைத் திருப்பி வானை நிறுத்தினார். பச்சை விழுந்தது; வான் இருமியது; பின்னால் கோர்ன்கள்.

லூயி-பிளாங் முனையில் அவருடைய இடத்தில் யாரோ காரை விட்டிருந்தார்கள். ஒரு சுற்றுச் சுற்றினால் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். அவர் சுற்றவில்லை. இரண்டு தெரு தள்ளிக் கண்ட இடத்தில் நிறுத்தி, சூசையப்பரை இறக்கி, ஆறு பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார். வல்லாரைப் பெட்டி எல்லாவற்றுக்கும் மேலே. பிறகு ஓடினார். முழங்கால்கள் இரண்டும் தங்கள் பாட்டில் கத்தின. "பார்தோன், பார்தோன்" என்று அவரும் கத்தினார். புடவைக்கடை வாசலில் நின்ற ஆட்கள் வழிவிட்டார்கள்.

கலைமாறன் கடை வாசலில் நின்றார். ஒரு கையில் தொலைபேசி, மற்றக் கையில் லொறிக்காரன் அனுப்பிய விலைத்தாள். உள்ளே கல்லாவுக்குமேல் மணிக்கூட்டில் பன்னிரண்டுக்கு இரண்டு நிமிடம். பையோடு வந்த பெண்கள் நான்கைந்து பேர் வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்கள்.

"எத்தினை தரம் அடிச்சனான், அக்கா! இஞ்சை பாருங்கோ, அவன் அனுப்பிட்டான். நான் இப்ப கையெழுத்து..."

இம்மாகுலேற் கைவண்டியை நிமிர்த்தி நிறுத்தினார். தாளைப் பார்த்தார். மணிக்கூட்டைப் பார்த்தார். ஈரம் சொட்டிக்கொண்டிருந்த வல்லாரைப் பெட்டியைத் தூக்கினார்.

"முதல் இதைப் பிடியுங்கோ, தம்பி."

பிடிப்பதைத் தவிர கலைமாறனுக்கு வேறு வழி இருக்கவில்லை. தொலைபேசியை அவசரமாகப் பொக்கற்றுக்குள் போட்டு, இரண்டு கையையும் நீட்டினார். தாள் பெட்டிக்கு அடியில் போய் நனைந்தது. பெட்டி அவர் கைகளில் இருக்கும்போதே ஒரு பெண் வல்லாரைக் கட்டு ஒன்றை உருவினார். அவருக்குப் பின்னால் இன்னொருவர். கலைமாறன் நிமிர்ந்து பார்த்தபோது மீதி ஐந்து பெட்டிகளும் வாசலில் இறங்கியிருந்தன. இம்மாகுலேற் சூசையப்பரைத் திருப்பி, வெறுமையாகக் கிலுங்கவிட்டுக்கொண்டு, அடுத்த பாரத்துக்குத் தெருவில் பாதித் தூரம் போயிருந்தார்.